குழந்தைகளுக்கான மூளையலைப் பட்டை: 5க்கு 2

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். 'குழந்தையின் உடலசைவுத் திறனை மூளையலையில் காணுங்கள்' என்று பெட்டியில் போட்டிருந்ததால், என் நான்கு வயது மகளுக்கு மாட்டிப் பார்க்கவே இதை வாங்கினேன்.

பட்டை மெத்தென்று இருக்கிறது, சார்ஜ் நன்றாக நிற்கிறது. குறை சொல்ல வேண்டியது உணரிகள் இருக்கும் இடத்தை. நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு, அவ்வளவுதான். கையசைவோடு சேர்ந்த மியூ அலை, 1950களில் பிரான்சின் நரம்பியல் மருத்துவர் காஸ்தோ விவரித்தது, உச்சந்தலைக்கு இருபுறமும்தான் எடுப்பாகத் தெரியும். இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைப் பதிவு, எடுப்பவர்கள் சி3, சி4 என்று சொல்லும் இடங்கள் அவை. அங்கே இந்தப் பட்டையில் ஒன்றுமே இல்லை. நெற்றியில் தாராளமாகக் கிடைப்பது கண் சிமிட்டல். என் மகள் அதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். சிமிட்டிச் சிமிட்டித் திரையில் கோட்டைத் துள்ளவிட்டுச் சிரித்தாள்.

செயலி இன்னும் மோசம். அது வயதே கேட்பதில்லை. அதன் விளக்கக் குறிப்பில் மியூ அலைக்கு இருப்பது பெரியவர்களுக்கான 8 முதல் 13 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை துடிப்புகள். கைக்குழந்தையிடமும் சிறு குழந்தையிடமும் இந்த அலை மெதுவாக ஓடும். ஆய்வாளர்கள் அவர்களிடம் 6 முதல் 9 ஹெர்ட்ஸுக்குள்தான் தேடுகிறார்கள். வளர வளர வேகம் கூடி, பெரியவர்களிடம் 10ஐ ஒட்டி வந்து நிற்கும். அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, பிள்ளை இளைத்திருக்கிறது என்று சொல்வது போன்ற கணக்கு இது.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கையை அசைத்தால் மியூ அலை தணியும். பிறர் கையை அசைப்பதைப் பார்த்தாலும் ஓரளவு தணியும். மூளை வேலை செய்வதன் அடையாளம் அது. செயலியோ அலை குறைந்தால் சிவப்பு விளக்குக் காட்டி 'ஒத்திசைவு குறைவு' என்கிறது! அசைவு முடிந்ததும் பீட்டா அலை, அதாவது மியூவைவிட வேகமான இன்னொரு மூளையலை, மீண்டும் எழுவதற்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். அந்த எழுச்சி சிறுவர்களிடம் இயல்பாகவே சிறியது, பதின்பருவம் வரை வளர்ந்துகொண்டே போகும். நான்கு வயதில் அதற்கு 100க்கு 31 போட்டுப் பெற்றோரைக் கலங்கடிப்பானேன்?

குழந்தையின் நடையிலோ கைப்பிடியிலோ சந்தேகம் இருந்தால் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் முதலில் பார்ப்பது குழந்தை ஓடுவதையும் பென்சில் பிடிப்பதையும்தான்.

இரண்டு நட்சத்திரமும் பட்டையின் மென்மைக்கும் சார்ஜுக்கும். திருப்பித் தரலாம் என்றால், பிரித்த பெட்டியை எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.