மெனுலிப்ரே: தையல் கடைக் கணினியின் மெனுவைச் சுருக்கிய மென்பொருள்

பெங்களூரு அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு எஸ்.பி. ரோட்டில் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் ஜுபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். ரசீது எழுதவும் அளவுக் குறிப்புகளைச் சேமிக்கவும் ரவிக்கை மாதிரிப் படங்களைப் பார்க்கவும் அவருக்கு ஏழெட்டுச் செயலிகள் போதும். மெனுவிலோ அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசைகட்டி நின்றன. இரண்டாம் நாளே தொலைபேசியில் அழைத்து, "கணக்கு எழுதுறது எதுலடா? கால்க்னா என்ன?" என்று கேட்டார். கால்க் என்பது லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலகச் செயலித் தொகுப்பில் கணக்குப் போடும் செயலி. அன்று மாலை மெனுலிப்ரேயைத் திறந்து உட்கார்ந்தேன்.

இது லினக்ஸ் கணினிகளுக்கான இலவச மெனு திருத்தி. 2014இல் வந்த 14.04 பதிப்பிலிருந்து ஜுபுண்டுவுடன் சேர்ந்தே வருகிறது. டெபியன், உபுண்டு போன்ற பிற லினக்ஸ் வகைகளில் அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். இடப்பக்கம் மெனுவின் கிளைகளும், வலப்பக்கம் தேர்ந்தெடுத்த செயலியின் பெயர், விளக்கம், படவுரு, கட்டளை ஆகியவற்றைத் திருத்தும் கட்டங்களும் இருக்கின்றன. தோற்றத்தில் கவர்ச்சி எதுவும் இல்லை. இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

லினக்ஸில் மெனுவின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் "டெஸ்க்டாப்" என்று முடியும் ஒரு சிறிய உரைக்கோப்பு உண்டு. கையால் திருத்த வேண்டிய அந்தக் கோப்பை ஒரு படிவமாக்கித் தருவதுதான் மெனுலிப்ரேயின் வேலை. நான் அதிகம் பயன்படுத்தியது, மெனுவில் காட்டாமல் மறைக்கும் சுவிட்சை. இதைப் போட்டால் செயலி கணினியிலிருந்து நீங்குவதில்லை, பெயர் மட்டும் மறைகிறது. எனவே பிடிஎஃப் காட்டும் செயலியை மறைத்த பிறகும், வாடிக்கையாளர் அனுப்பிய பிடிஎஃப் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது வழக்கம்போலத் திறக்கிறது. இடம் அடைக்கிறதே என்று செயலிகளை நீக்கப் போய், அவற்றோடு வேறு எதையாவது கழற்றிவிடுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

ஒரே செயலி இரண்டு இடங்களில் தோன்றும் குழப்பத்துக்கும் இங்கே தீர்வு கிடைத்தது. லிப்ரே ஆபீஸின் படம் வரையும் செயலியான டிரா, அலுவலகப் பிரிவிலும் வரைகலைப் பிரிவிலும் தலைகாட்டும். அதன் கோப்பில் இரண்டு வகைப் பெயர்களும் எழுதப்பட்டிருப்பதுதான் காரணம். வரைகலை சார்ந்த வகைப் பெயர்களை நீக்கிச் சேமித்ததும் அது அலுவலகப் பிரிவில் மட்டும் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது பெயர் மாற்றும் வசதி. டெஸ்க்டாப் கோப்பில் ஆங்கிலப் பெயருடன் தமிழ்ப் பெயருக்கும் தனி வரி எழுத இடமுண்டு என்றாலும், எல்லாச் செயலிகளுக்கும் யாரும் அதை எழுதி வைக்கவில்லை. அதனால் தமிழில் அமைத்த மெனு பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக நிற்கிறது. மொழிபெயர்த்த பெயரும் எல்லோருக்கும் உதவுவதில்லை. "விரிதாள்" (ஸ்பிரெட்ஷீட்) என்பதை அக்கா துணி சம்பந்தப்பட்டது என்றே நினைத்தார். கால்க்கின் பெயரை "கணக்கு நோட்டு" என்றும், ஆவணம் எழுதும் ரைட்டரின் பெயரை "ரசீது" என்றும் மாற்றினேன். அதன்பிறகு எந்தத் தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

குறைகளும் உண்டு. அடிக்கடி தேவைப்படுவதை மேலே நகர்த்தலாம் என்று அம்புக்குறிகளை அழுத்தினேன். ஆனால் ஜுபுண்டுவின் விஸ்கர் மெனு செயலிகளை அகரவரிசையிலேயே அடுக்குவதால் அந்த உழைப்பு வீண். பெயருக்கு முன்னால் 1, 2 என்று எண் போட்டுச் சமாளித்தேன். இன்னொரு குறை தாமதமாகத்தான் தெரியவரும். நாம் திருத்தும்போது மூலக் கோப்பு மாறுவதில்லை. அதன் நகல் ஒன்று நம் இல்ல அடைவுக்குள் (ஹோம் ஃபோல்டர்) எழுதப்பட்டு, மெனு அந்த நகலையே படிக்கிறது. பின்னாளில் செயலி புதுப்பிக்கப்பட்டு அதன் கட்டளை மாறினால், பழைய நகலுக்கு அது தெரியாது. செயலியை முழுவதுமாக நீக்கிய பிறகும், நகலில் உள்ள பெயர் மட்டும் மெனுவில் ஆவிபோல உலவக்கூடும். இந்த இரண்டு நிலைகளிலும் நகலைத் தேடிப் போய் அழிக்க வேண்டியிருக்கிறது. திருத்திய கோப்புகளை மட்டும் தனியே பட்டியலிட்டுக் காட்டும் ஒரு பக்கம் இருந்திருந்தால் இந்தத் தேடல் மிச்சமாகியிருக்கும்.

அதே நகல் முறை வேறொரு விதத்தில் கைகொடுத்தது. பள்ளி விட்டு வந்த அக்கா மகன், "மாமா, சுடோக்கு எங்க போச்சு?" என்று கேட்டான். திருத்தங்கள் அக்காவின் கணக்கோடு நின்றுவிடுவதால், அவனுக்கு வேறொரு பயனர் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். அதில் அறுபது பெயர்களும் அப்படியே இருந்தன.