முழங்கால் ஆபரேஷனுக்குப் பின்: எடைக் கணக்கா, கால் பலமா?

முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் முடிந்தவர்கள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை இலக்காக வைப்பார்கள்: உடம்பு எடையை இறக்குவது, அடிபடுமுன் ஜிம்மில் தூக்கிய பாரத்தை மறுபடி தூக்குவது, அடிபட்ட காலை நல்ல காலுக்கு இணையாக்குவது. நான் மூன்றாவதன் பக்கம். நெல்லைச் சீமையில் கபடி ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்ட பையன்களுக்கு அதுதான் பொருந்தும்.

பழைய பாரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இரு காலாலும் லெக் பிரஸ் (உட்கார்ந்து காலால் பாரத்தைத் தள்ளும் மெஷின்) தள்ளும்போது நல்ல கால் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். 100 கிலோ மறுபடி நகரும். கால்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அப்படியே கிடக்கும்.

எடை இலக்கின் கோளாறு வேறு. நடமாட்டம் குறைந்த வாரங்களில் முன்தொடைச் சதை மளமளவென்று கரையும். மெஷினில் 2 கிலோ குறைந்திருந்தால் அது கொழுப்புதானா? முட்டிச் சில்லின் மேல்விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரு தொடையையும் டேப்பால் அளந்து பாருங்கள்; அடிபட்ட பக்கம் சிறுத்திருந்தால் சதையும் கரைந்திருக்கிறது. இந்த நேரத்தில் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் சதை திரும்புவது தள்ளிப்போகும். 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 85 முதல் 110 கிராம் புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 20. உளுந்தஞ்சோறும் சுண்டலும் கைகொடுக்கும், அவை மட்டும் போதாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

இனி மூன்றாவது. ஃபிசியோ அனுமதித்த பிறகு, அவர் சொன்ன மடக்கு அளவுக்குள், ஒவ்வொரு காலாகத் தனித்தனியே தள்ளிப் பார்க்க வேண்டும். நல்ல கால் 40 கிலோவை 8 தடவை தள்ளுகிறது, அடிபட்ட கால் 24 கிலோவைத்தான் என்றால் அது 60 சதவீதம். உடனே 40-க்குத் தாவ வேண்டாம். படிப்படியான இலக்குகள்: முதலில் 28, பிறகு 32, கடைசியில் 36. அந்த 90 சதவீதமும் ஆபரேஷனுக்குப் பின் 9 மாதமும், இரண்டும் கூடிய பிறகே களத்தில் இறங்குவதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். ஒன்று மட்டும் போதாது.

வாரம் இரண்டு மூன்று நாள், 8 தடவை வீதம் மூன்று செட். களைப்பு வருமுன் அடிபட்ட காலுக்கே முதல் முறை. மூன்று செட்டும் ஆட்டமில்லாமல் முடிந்து, மறுநாள் காலை முட்டி வீங்காதிருந்தால் 2 கிலோ கூட்டலாம். வலி பத்துக்கு மூன்று வரை போகலாம், 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிட வேண்டும். வீக்கத்தைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறாதீர்கள்: சில்லின் நடுவில் டேப்பைச் சுற்றித் தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 1 செ.மீ. கூடினால் பழைய பாரத்துக்கு இறங்குங்கள். பாரம் கூட்டும் அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்த அளவைத்தான்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஓய்வில் நல்ல காலும் பலமிழந்திருக்கும். ஆகவே 90 சதவீதம் பார்க்கத் தோன்றுவதைவிடக் குறைவானது. அடிபடுமுன் ஒற்றைக் காலில் தள்ளிய பாரம் நினைவிருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோள்பட்டைக் காயத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவு நேராக உட்காராது, வலக்கைக்காரருக்கு வலக்கை இயல்பாகவே பலமாக இருக்கலாம்.

மூட்டுத் தேய்மானமும் கூடுதல் எடையும் சேர்ந்த பெரியவர்களுக்கு மட்டும் எடை இலக்குக்கு முதலிடம் தருவேன். 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். 80 கிலோ உள்ளவர் வாரம் 400 கிராம் இறக்கினால் போதும். கால் பயிற்சியையும் அதோடு விடாமல் செய்ய வேண்டும்.