இம்ஸ்ட்டா, மீடர்ஸா? இன்ஸ்ப்ரூக்கில் தங்கி மலைக் கோஸ்டர் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக்கில் அறை எடுத்தாயிற்று. கோஸ்டருக்கு, அதாவது மலைச்சரிவில் தண்டவாளத்தில் இறங்கும் வண்டிக்கு, என்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு பகல். மேற்கே இம்ஸ்ட் போவதா, தெற்கே ஸ்டூபாய் பள்ளத்தாக்கில் உள்ள மீடர்ஸ் போவதா?

தேடினால் முதலில் கண்ணில் படுவது நீளம்தான். இம்ஸ்ட் சுமார் 3.5 கி.மீ., மீடர்ஸ் 2.8 கி.மீ. நான் நீளத்தைப் பார்க்கவே மாட்டேன், இறக்கத்தைத்தான் பார்ப்பேன். மீடர்ஸில் அந்த 2.8 கி.மீ.க்குள் 640 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். சராசரியாக நூறு மீட்டருக்கு 23 மீட்டர் இறக்கம்! இம்ஸ்ட்டின் தடம் நீளமானது, ஆனால் அவ்வளவு செங்குத்து இல்லை.

மற்றபடி இரண்டும் ஒரே ஜாதி. லிஃப்டில் (மலையேற்றும் கம்பிவட வண்டியில்) மேலே போய், குழாய்த் தண்டவாளத்தோடு பூட்டிய வண்டியில் பெல்ட் போட்டு உட்கார்ந்தால், மோட்டார் ஏதுமின்றி மலையே இறக்கிவிடும். கைப்பிடியை முன்னே தள்ளினால் ஓட்டம், பின்னே இழுத்தால் பிரேக். வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவுதான். காரில் அது வேகமே இல்லை. திறந்த வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்து பாருங்கள், தெரியும். துப்பட்டா, தொப்பி, கைப்பேசி மூன்றும் பைக்குள் போகட்டும்.

சின்னப் பிள்ளைகளோ, கூட வரும் அம்மா அப்பாவோ இருந்தால் இம்ஸ்ட். அங்கே கோஸ்டரைவிட எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: ரோசன்கார்ட்டன் மலையிடுக்கு. ஊருக்குள்ளிருந்தே தொடங்கும் பாதை, ஓடையை ஒட்டிப் பாறைச் சுவர்களுக்கு நடுவே மரப்பாலங்கள் வழியாக ஏறி ஹோக்-இம்ஸ்ட்டுக்குப் போகிறது. கோஸ்டருக்கு லிஃப்ட் ஏறும் இடமும் அதுதான். ஏறுவதற்குக் கால், இறங்குவதற்குக் கோஸ்டர் என்று பகல் நிறைந்துவிடும். முழங்கால் வலிக்காரர்கள் பஸ்ஸிலேயே மேலே வரலாம். ஒரு சங்கடம்: இம்ஸ்ட்-பிட்ஸ்டால் ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி, கீழே ஆற்றோரம் இருக்கிறது. இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

மீடர்ஸுக்கு இன்ஸ்ப்ரூக்கிலிருந்து நேராகவே பஸ். அரை நாள் போதும். லிஃப்ட் போய் நிற்கும் கொப்பெனெக்கிலிருந்து, 2,717 மீட்டர் செர்லெஸ் மலையின் அடிவாரத்தில் உள்ள மரியா வால்ட்ராஸ்ட் மடாலயத்துக்கு நடந்து போய் வரலாம், நேரமிருந்தால் மட்டும்.

இன்ஸ்ப்ரூக்கை ஒட்டிய இக்ல்ஸில் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பாப்ஸ்லெட் (பனித்தடத்தில் வழுக்கி இறங்கும் வண்டி) தடமும் உண்டே என்பீர்கள். கோடையில் பனி இல்லாததால் சக்கரம் கட்டிய பாப் வண்டியில் இறங்குவது வேறு சமாச்சாரம்: ஓட்டுவது பைலட், பின்னால் இருக்கும் உங்களுக்குப் பிரேக் கிடையாது. அது ஓடும் நாளும் முன்பதிவும் உறுதியானால்தான் பயணத்தில் சேருங்கள்.

என் ஓட்டு மீடர்ஸுக்கு, அதுவும் காலை முதல் லிஃப்டுக்கு. ஆல்ப்ஸ் கோடையில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்; மழை வலுத்தால் கோஸ்டரை நிறுத்திவிடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. முன்னால் போகிறவர் வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தால், எவ்வளவு செங்குத்தான மலையும் மாட்டு வண்டிப் பயணம்தான். காலையில் அந்தக் கூட்டம் இருக்காது. இருந்தாலும், வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் அப்படிப்பட்டவரா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அப்படியென்றால் உங்களுக்குப் பின்னால் நிற்பவரிடம் "நீங்க முதல்ல போங்க" என்று வழிவிட்டுவிடுங்கள்.