செயற்கைக்கோள் கடல்மட்டத் தரவு: எண்ணூரில் இருந்து ஆறு வருஷம் பார்த்ததில்

புயல் அன்று எங்கள் கரையில் கடல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கத்தான் இந்தத் தரவைத் தொட்டேன். அந்த வேலைக்கு இது கிட்டத்தட்ட உதவாது. ஆனாலும் ஆறு வருஷமாக இதைக் கைவிடவில்லை.

முதல் சிக்கல் நேரம். ரேடார் அலையை அனுப்பி, அதன் எதிரொலியால் கடல்மட்டத்தை அளக்கும் ஜேசன் வரிசைச் செயற்கைக்கோள்களும் இப்போதுள்ள சென்டினல்-6-ம் 1,336 கி.மீ. உயரத்தில் சுற்றி, ஒரே தடத்துக்குத் திரும்பப் பத்து நாள் எடுத்துக்கொள்கின்றன. புயல் எழுச்சியோ, அதாவது புயல் கடலைத் தூக்குவதோ, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். 2013 டிசம்பரில் வட கடலில் சேவர் புயல் அடித்தபோது ஒரு செயற்கைக்கோள் சரியான நேரத்துக்கு மேலே கடந்தது மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது, கரை. கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் வந்தால் ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தப் பத்து கிலோமீட்டர்தான். 2013 பிப்ரவரி 25 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரல் செயற்கைக்கோள் இதில் எவ்வளவோ தேவலை, அதன் ரேடார் கற்றை குறுகலானது. ஆனால் அது பயன்படுத்தும் கா பேண்ட் என்ற ரேடார் அலைக்கு மழை ஆகாது. கொட்டுகிற மழையில் சமிக்ஞை போய்விடும். மழையில்லாத புயலுக்கு எங்கே போக?

இதெல்லாம் தெரிந்த குறைதான். நான் ஏமாந்தது வேறு இடத்தில். தயார்நிலையில் கிடைக்கும் கடல்மட்ட வேறுபாட்டை (சராசரியிலிருந்து கடல் எவ்வளவு ஏறி இறங்கியிருக்கிறது என்ற கணக்கு) இறக்கி, துறைமுகத்தில் நீர்மட்டம் அளக்கும் டைட் கேஜ் அளவோடு வைத்துப் பார்த்தேன். புயல் நாளில் டைட் கேஜில் மேடு தெரிகிறது, செயற்கைக்கோளில் சமதரை. மூன்று மாசம் என் நிரலில்தான் பிழை என்று தேடினேன். பிழை அங்கே இல்லை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஏறும். அதையும் காற்று தள்ளும் நீரையும் ஒரு கணினி மாதிரியால் கணக்கிட்டு, வளிமண்டலத் திருத்தம் என்ற பெயரில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். நீண்டகாலக் கடல்மட்டம் பார்ப்பவருக்கு அது தொல்லை, எனக்கோ அதுதான் சரக்கு. புதிதாக வருபவர்கள் முதலில் அந்தத் திருத்தத்தைத் திரும்பக் கூட்டிக்கொள்ளுங்கள். தினசரி வரைபடத் தொகுப்பையும் நம்ப வேண்டாம், இழைத்து இழைத்து மேட்டையே காணாமல் ஆக்கியிருக்கும்.

2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகுதான் இதன் உண்மையான உபயோகம் பிடிபட்டது. தெருவில் நின்ற தண்ணீர் வடியவில்லை. முகத்துவாரத்தில் நின்றிருந்த பெரியப்பா, "கடல் தண்ணிய வாங்கல தம்பி, இது வன்னி ஓடுற மாசம்" என்றார். வடக்கிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்துக்கு எங்கள் பக்கம் வன்னி என்று பேர்.

வீட்டுக்கு வந்து பல வருஷத் தரவை மாதவாரியாகப் போட்டேன். பங்குனி, சித்திரையில் தாழ்ந்து கிடக்கும் கடல் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாணுக்கு மேல் ஏறி நிற்கிறது, வருஷம் தவறாமல். வன்னி ஓடும்போது புவியின் சுழற்சி நீரை ஓட்டத்தின் வலப்பக்கம் ஒதுக்கும். தெற்கே போகும் ஓட்டத்துக்கு வலப்பக்கம் நம் கரை. பெரியப்பா சொன்னதைத்தான் அந்தக் கோடும் சொன்னது. ஏற்கெனவே உயர்ந்த தரையில் நின்றுகொண்டுதான் கார்த்திகைப் புயல் கடலைத் தூக்குகிறது. இந்த மெதுவான ஏற்றத்தைப் பார்க்கப் பத்து நாளுக்கு ஒரு முறை வந்தாலே தாராளம்.

2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் ஒற்றைக் கோடாக இல்லாமல் 120 கி.மீ. அகலப் பட்டையாக அளக்கிறது. படம் பார்க்கவே அழகு. ஆனால் அதற்கும் 21 நாள் சுற்று.

இப்போது என் வழக்கம் இதுதான்: புரட்டாசி பிறந்ததும் அந்த வருஷக் கோட்டைச் சராசரிக் கோட்டின் மேல் வரைந்துவிடுவேன். ஓத (கடல் ஏற்றவற்ற) அட்டவணையில் பருவ ஏற்றம் சராசரியாகத்தான் இருக்கும், கடல் எல்லா வருஷமும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. "ஓதத்துக்கு மேல் ஒரு மீட்டர்" என்று எச்சரிக்கை வந்தால், அந்த வருஷத்தின் கூடுதலையோ குறைவையோ அதோடு சேர்த்துப் பெரியப்பாவிடம் சொல்வேன். படகை எந்தப் படி வரை இழுத்துக் கட்டுவது என்று அவர் முடிவு செய்வார்.