பழைய மோட்டர்ஹோமில் புது ஃபர்னஸ்: சில குளிர்காலங்கள் ஓட்டிப் பார்த்தபின்

1970களில் வந்த ஒரு மோட்டர்ஹோமில் (உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள வண்டி), ஜிஎம்சியின் 26 அடி வண்டியோ வின்னபேகோ பிரேவோ எதுவானாலும், அந்தக் காலத்து ஃபர்னஸே, அதாவது அறையைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரே, இன்னும் எரிகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும். உள்ளே கேஸ் எரிகிற எரிகலம் மெல்லிய இரும்புத் தகடு. ஐம்பது வருடமாகச் சூடாகி, ஆறி, வேர்த்து, துருப்பிடித்து, வெல்டிங் ஓரத்தில் முடி அளவு விரிசல் விட்டிருந்தால் வெளியே இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அறைக்குச் சூடான காற்றை அனுப்பும் ஃபேன் அந்த விரிசலைத் தடவிக்கொண்டுதான் ஓடுகிறது. கார்பன் மோனாக்சைடு படுக்கைக்கு வரும் வழி அதுதான். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் பொருள் அல்ல இது. கழற்றி எறிய வேண்டியதுதான்.

அந்த இடத்தில் வைக்கப் பொருத்தமானது, டென்னசி மாநிலம் டேட்டனின் சபர்பன் நிறுவனத்து என்டி-20 வகை. எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் சுடர் கிடையாது, மின்பொறியில் பற்றும். பெயரில் உள்ள 20 என்பது மணிக்கு சுமார் 20,000 பிடியு (வெப்பத்தின் அலகு). அது உள்ளே போகும் கேஸின் கணக்கு. அறைக்கு வந்து சேருவது முக்கால் பங்குக்குச் சற்று மேல், சுமார் 15,500. 26 அடி வண்டிக்கு இது போதுமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் 60 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட், உள்ளே 70 என்றால் கண்ணாடி வழியாக மட்டும் மணிக்கு 3,300 பிடியு போய்விடும், அதாவது கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்காக 40,000 பிடியு பெட்டியை வாங்கி வைப்பதைவிட ஜன்னலுக்குத் தடித்த திரையும் கதவு ரப்பரும் போடுவது மேல். பெரிய ஃபர்னஸ் சட்டென்று சூடாக்கி நிற்கும், மறுபடி கிளம்பும், ஒவ்வொரு முறையும் பேட்டரியை உறிஞ்சும்.

வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. புது ஃபர்னஸில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை கேஸால் வருவதில்லை. மின்னழுத்தத்தாலும் காற்றோட்டத்தாலும் வருபவை. பெட்டியை மாற்றுவது அரை நாள் வேலை. வயர், சூடான காற்று போகும் டக்ட், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் என்று அதைச் சுற்றியிருப்பதை மாற்றுவதுதான் உண்மையான வேலை.

கழற்றும்போது முதலில் டாங்க் வால்வை மூடி, அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் மிஞ்சிய கேஸை எரித்துத் தீர்க்க வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வெளிமூடியின் ஸ்குரூக்கள் துருவேறி உடையும்; முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். அந்தக் காலத்துக் கேஸ்கெட்டிலும் வெப்பம் தடுக்கும் அட்டையிலும் கல்நார் இருக்கலாம். சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள். முகமூடி கட்டாயம்.

சுவரில் உள்ள பழைய ஓட்டை புதுப் பெட்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜிஎம்சி வண்டியின் கீழ்ப்பக்கச் சுவர் ஃபைபர்கிளாஸ். அதில் அலுமினியத் தகடு வைத்து, பியூட்டில் டேப் ஒட்டி அடைத்து, புது மூடிக்கான துளைகளை அந்தத் தகட்டில் போடுவது சுத்தமான முறை. சுவரின் தடிமனை அளந்த பிறகே வென்ட் குழாய் வாங்குங்கள். வெளிமூடியிலிருந்து வரும் குழாய், பெட்டியின் புகைக்குழாய்மேல் கையேடு சொல்லும் அளவுக்கு ஏறி உட்கார வேண்டும். அது குட்டையாக இருந்து இடைவெளி விழுந்தால் புகை அலமாரிக்குள் போகும். இந்த ஒரு இடத்தில் மட்டும் ‘சிலிக்கோன் பூசிச் சமாளிக்கலாம்’ என்கிற பேச்சே கூடாது.

மின்சாரத்துக்கு வருவோம். சபர்பன் பெட்டியில் நான்கு வயர்கள்: சிவப்பு பாசிட்டிவ், மஞ்சள் நெகட்டிவ், நீலம் இரண்டும் தெர்மோஸ்டாட்டுக்கு. பழைய வண்டியின் வயர் நிறங்களை நம்பாமல் மல்டிமீட்டரால் சோதித்துவிட்டு இணையுங்கள். முனை மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். சத்தம் வரும், கொஞ்சம் காற்றும் வரும், நெருப்பு மட்டும் வராது. காரணம் செயில் ஸ்விட்ச். ஃபேன் காற்று போதுமான வேகத்தில் அடித்தால்தான் அதன் சிறு தகடு சாய்ந்து சர்க்யூட்டை மூடும். அதன்பிறகுதான் ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்டு கேஸ் வால்வைத் திறந்து பொறியை விடும்.

மின்னழுத்தம் குறைந்தாலும் இதே கதைதான். பேட்டரியிலிருந்து ஃபர்னஸுக்கு 20 அடி என்றால் போக, வர 40 அடி. 14 கேஜ் செம்பு வயரில் அதன் தடை 0.1 ஓம். சிறிய ஃபர்னஸ் 3 ஆம்பியர் இழுத்தால் 0.3 வோல்ட் போகும். 8 ஆம்பியர் இழுக்கும் பெரிய பெட்டியானால் 0.8 வோல்ட். இதோடு துருப்பிடித்த சேசிஸ் எர்த்தும் பழைய ஃபியூஸ் பிடிப்பும் சேர்ந்துகொண்டால், நள்ளிரவில் பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஃபர்னஸ் முனையில் 10.5க்குக் கீழே வந்துவிடும். ஃபேன் சோம்பலாகச் சுழலும், தகடு சாயாது, குளிர்காற்றே விடிய விடிய வரும். இதற்குப் புது போர்டு வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம். ஃபேன் ஓடும்போதே ஃபர்னஸ் முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள்; நிறுத்தி வைத்து அளப்பதில் பயனில்லை. அதைவிடத் தடித்த 10 கேஜ் வயரைத் தனியாக இழுத்து, எர்த்தையும் பேட்டரி வரை நேராகக் கொண்டுபோனால் இந்தத் தலைவலி தீர்ந்தது. வெளி ஏசி மின்சாரத்தை 12 வோல்ட் டிசியாக மாற்றும் அக்காலக் கன்வெர்ட்டர் சீராக வடிக்காத டிசி தரக்கூடும். போர்டு காரணமில்லாமல் தடுமாறினால் கன்வெர்ட்டரையும் சந்தேகப்படுங்கள்.

இரவு 12 மணி நேரத்தில் பாதி நேரம் ஃபேன் ஓடினால் 3 ஆம்பியர் பெட்டிக்கு 18 ஆம்பியர்-மணி. 8 ஆம்பியர் பெட்டிக்கு 48. நூறு ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் தொடலாம் என்கிற பாதி, ஒரே இரவில் காலி. சிறியதை வாங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

கேஸ் பக்கம் சுருக்கமாக. ரெகுலேட்டர் வண்டியோடு வந்ததென்றால் யோசிக்காமல் இரண்டு நிலை ரெகுலேட்டராக மாற்றுங்கள். கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் (அவ்வளவு உயர நீரின் அழுத்தம்) இருக்க வேண்டும். அடுப்பு எரியும்போது மானோமீட்டர் என்னும் அழுத்தமானியில் பாருங்கள். குழாயின் வாயை விரித்து இறுக்கும் ஃப்ளேர் இணைப்பில் டேப் சுற்றக் கூடாது, உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்தே அடைபடும். இரண்டு ஸ்பேனர் பிடித்து முறுக்காவிட்டால் செம்புக் குழாய் திருகிக்கொள்ளும். பிறகு 8 அங்குலத்தில் அழுத்தத்தை நிறுத்தி, 3 நிமிடம் முள் அசைகிறதா என்று பாருங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரையால் சோதிக்கும்போது அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம், பித்தளையைத் தின்னும்.

டக்ட்டைப் பலரும் அலட்சியப்படுத்துகிறார்கள். 4 அங்குலக் குழாயின் வாய் 12.5 சதுர அங்குலம். 3 அங்குலக் குழாயின் வாய் வெறும் 7. பழைய வண்டியில் 3 அங்குலக் குழாய்கள் இருந்தால் அதே எண்ணிக்கையில் புதுப் பெட்டிக்குப் போதாது. கையேட்டில் குறைந்தபட்சப் பரப்பு போட்டிருக்கும், அறைக் காற்று திரும்பி வரும் துவாரத்துக்கும் சேர்த்து. அது குறைந்தால் பெட்டி தன் சூட்டில் தானே வேகும். லிமிட் ஸ்விட்ச் கேஸை நிறுத்தும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆறியதும் மறுபடி பற்றும். நெருப்பு விட்டுவிட்டு வருகிறதென்றால் முதலில் அலமாரிக்குள் நசுங்கிய குழாயைத் தேடுங்கள்.

முதல் தடவை எரிக்கும்போது எரிகலத்தில் பூசிய எண்ணெய் கருகிப் புகையும். ஜன்னல்களைத் திறந்துவைத்து இருபது நிமிடம் ஓட்டினால் தீரும்.

இனி நாள்பட்ட உழைப்பு. வெப்பத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேஸ் எரிவதும் புகை போவதும் அறையோடு தொடர்பில்லாமல் நடப்பதால் ஜன்னலில் வேர்ப்பது குறைவு. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும், திறந்த சுடர் ஹீட்டரில் அத்தனையும் அறைக்குள்தான். தொடர்ந்து எரிந்தால் மணிக்கு 0.22 காலன் கேஸ். பாதி நேரம் எரியும் 12 மணி நேர இரவுக்கு சுமார் 5 லிட்டர். சத்தம்தான் பெரிய குறை. படுக்கைக்குக் கீழே வைத்தால் ஒவ்வொரு முறையும் தூக்கம் கலையும். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைப்பது அதிர்வைத்தான் குறைக்கிறது, காற்றின் இரைச்சலை அல்ல.

வருடங்கள் போகப்போக வருபவை: செயில் ஸ்விட்ச்சில் பஞ்சுத்தூசியும் நாய்முடியும் சுற்றித் தகடு ஒட்டிக்கொள்ளும். பொறிமுனையின் இடைவெளி 1/8 அங்குலத்திலிருந்து விலகும். அப்போது போர்டு மூன்று முறை பற்றவைக்க முயன்றுவிட்டு, மேலே முயலாமல் பூட்டிக்கொள்ளும். கோடையில் புகைக்குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். அதற்குக் கடையில் கம்பிவலை விற்கிறார்கள். சபர்பன் கையேடே வலை போடாதே என்கிறது, அடைத்துக்கொண்டு புகையைத் திருப்பிவிடும் என்பதால். சீசனுக்கு முன் டார்ச் அடித்துப் பார்த்து, கூடு இருந்தால் எடுப்பதே சரி. வெளிமூடியைச் சுற்றிக் கரி படிந்தால் காற்று போதாமல் எரிகிறது என்று பொருள். அன்றே அணைத்துவிட வேண்டும். படுக்கும் இடத்தில் யுஎல் 2034 என்னும் அமெரிக்கப் பாதுகாப்புத் தர முத்திரை உள்ள, ஆர்விக்கென்று (மோட்டர்ஹோம் வகை வண்டிகளுக்கென்று) சான்று பெற்ற கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும். அதன் முதுகில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், படிப்பவர்கள் குறைவு.

டீசல் ஹீட்டர், புரோபெக்ஸ் என்னும் சிறு கேஸ் ஹீட்டர் போன்றவை மின்சாரம் குறைவாக எடுக்கும். ஆனால் புரோபெக்ஸ் எச்எஸ்2000 தருவது 1.9 கிலோவாட்; என்டி-20 தருவது சுமார் 4.5 கிலோவாட். 26 அடி வண்டிக்கு ஒன்று போதாது. டீசல் என்றால் பெட்ரோல் எஞ்சின் வண்டியில் தனி டாங்க் கட்ட வேண்டும். சிறிய வேன் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்றே சரி; ஏற்கெனவே கேஸ் குழாயும் நிரந்தர டாங்கும் உள்ள பழைய பெரிய வண்டியில் ஃபர்னஸ் இடத்தில் ஃபர்னஸே இருக்கட்டும். வண்டியில் உதிரியாக ஒரு செயில் ஸ்விட்ச், ஒரு பொறிமுனை, ஃபியூஸ்கள் போதும். போர்டு வாங்கி வைக்கத் தேவையில்லை.