டக்ட், பைப் அளவெடுப்புக்கு எந்த மென்பொருள்? நாகர்கோவிலில் இருந்து என் அனுபவம்

ஏசி வேலைக்குத் தகட்டில் செய்யும் டக்ட் (காற்றுக்குழாய்), பைப் எல்லாம் எவ்வளவு வேண்டும் என்று வரைபடத்தில் அளந்து கணக்குப் போடுவது என் வேலை. மஸ்கட்டில் அப்படி ஒரு எஸ்டிமேஷன் ஆபீஸில் சேர்ந்த அன்று கையில் தந்தது ஒரு முக்கோண ஸ்கேலும் கொஞ்சம் கலர் பென்சிலும்தான். குளிர்காற்றைக் கொண்டுவரும் சப்ளை டக்ட் நீலம், அதைத் திரும்ப எடுக்கும் ரிட்டர்ன் சிவப்பு, வெளியேற்றும் எக்ஸாஸ்ட் பச்சை. கோடு இழுத்தால்தான் அந்தத் துண்டை அளந்ததாகக் கணக்கு. அதற்கப்புறம் நாலு விதமான மென்பொருளில் வேலை பார்த்துவிட்டேன். திரையில் இன்றும் அதே மூன்று நிறம்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது வெட்டூர்ணிமடத்தில் வீட்டிலிருந்தே வேலை. பாதி வளைகுடா காண்ட்ராக்டர்களுக்கு; மீதி உள்ளூர் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், கன்னியாகுமரி லாட்ஜ். மார்த்தாண்டம், தக்கலை பக்கம் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் "எதை வாங்கலாம் அண்ணா" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் புழங்குவது பிடிஎஃப் மேல் அளந்து எக்ஸலில் கணக்குப் போடும் முறை. ப்ளூபீம் மாதிரி ஒன்று போதும். ஒரே ஷீட்டில் ப்ளான் ஒரு ஸ்கேலிலும் பிளான்ட் ரூம் (ஏசி இயந்திரங்கள் இருக்கும் அறை) விவரம் வேறு ஸ்கேலிலும் இருந்தால், அதில் பகுதி பகுதியாக ஸ்கேல் வைக்கலாம். அது பெரிய உதவி. 2022-இல் ப்ளூபீம் வருட சந்தாவுக்கு மாறிவிட்டது, தனியாளாக வேலை செய்கிறவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இந்த முறையில் நான் பட்ட பெரிய அடி ஸ்கேனால் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி வேலை, வரைபடத்தில் 1:100 என்று போட்டிருந்தது. ஏ1 தாளை ஏ3-ஆகச் சுருக்கி ஸ்கேன் செய்திருந்தார்கள். சுருங்கியது தெரிந்ததால் 6 மீட்டர் தூண் இடைவெளி ஒன்றை வைத்து ஸ்கேலைச் சரிசெய்துவிட்டுத்தான் தொடங்கினேன். அந்த இடைவெளி கிடைமட்டத்தில் இருந்தது. ஸ்கேனரோ தாளை நெடுக்கில் கொஞ்சம் நசுக்கியிருந்தது. மெயின் டக்ட் முழுக்க அந்த நெடுக்கில்தான் ஓடியது, தகடு பற்றாமல் போனது. அதிலிருந்து குறுக்கில் ஒன்று, நெடுக்கில் ஒன்று என இரண்டு தூண் இடைவெளி சரிபார்க்காமல் முதல் கோட்டைக்கூட இழுப்பதில்லை.

அடுத்தது, டக்டுக்கும் பைப்புக்கும் என்றே வரும் தனி மென்பொருள்கள். ஓட்டத்தைக் கிளிக் செய்துகொண்டே போனால் எல்போ (வளைவு), ரெட்யூசர் (அளவு குறைக்கும் துண்டு), ஃபிளாஞ்ச் (இணைக்கும் விளிம்பு), ஹேங்கர் (தொங்கவிடும் தாங்கி) எல்லாம் தானே சேரும். குளிர்நீர் ஓடும் சில்டு வாட்டர் பைப் நிறைய உள்ள வேலைக்கு இதற்கு ஈடில்லை. வால்வையும் ஃபிட்டிங்கையும் கையால் எண்ணி முடிக்க முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் பட்டியல் யாருடையது என்று முதலில் பாருங்கள். நான் வாங்கியதில் அமெரிக்க கேஜ் (தகட்டின் தடிமன் எண்) இருந்தது. அங்கே 24 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு 0.70 மி.மீ; நம்மூரில் 24 கேஜ் என்று கேட்டால் 0.63 மி.மீ. 600-க்கு 300 மி.மீ டக்ட் 10 மீட்டர் என்றால் 18 சதுர மீட்டர், 0.63-இல் ஏறக்குறைய 89 கிலோ, 0.70-இல் 99 கிலோ. உள்ளூரில் சதுர மீட்டர் ரேட் என்பதால் இது கண்ணில் படாது. கிலோ கணக்கில் கேட்கும் வளைகுடா ஆபீஸுக்கு அனுப்பும்போதுதான் மாட்டும். டக்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 655-இன்படி டக்டின் பெரிய பக்கம் 750 மி.மீ வரை என்றால் தகடு 0.63, அதற்கு மேல் 1500 வரை 0.80 என்று பட்டியலை மாற்றி எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. உட்கார்ந்து செய்யத்தான் வேண்டும்.

விஆர்எஃப் (ஒரு வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்டுகளை இணைக்கும் ஏசி) வேலையில் இன்னொன்று. ப்ளானில் காப்பர் பைப் ஒற்றைக் கோடாக இருக்கும். உண்மையில் கேஸ் லைன் ஒன்று, லிக்விட் லைன் ஒன்று, அளவும் வேறு வேறு, இரண்டுக்கும் இன்சுலேஷன் உண்டு. ஒரு கிளிக்கில் இரண்டும் சேரும்படி முன்பே அமைத்து வையுங்கள்.

ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) மாடலில் இருந்து அளவை அப்படியே எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: மாடல் முழுமையாக இருந்தால் அருமை. டெண்டர் நேரத்தில் எனக்கு வந்தவற்றில் பெரும்பாலும் சப்போர்ட்டும் ஃப்ளெக்ஸிபிள் டக்டும் இருந்ததில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. லேப்டாப் செத்துவிட்டது, டெண்டர் தேதி நெருங்கிவிட்டது. பழைய ஸ்கேலை எடுத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அளந்தேன். பக்கத்தில் இருந்த டக்ட் ஃபோர்மேன் அண்ணன் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "மக்கா, ப்ளான்ல ஏறி இறங்குறது தெரியாது கேட்டியா, பீமைப் பாரு" என்றார். பீமுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வளைவும் ஒரு துண்டும் கூடும். திரையில் வேகமாகக் கிளிக் செய்கையில் அதைத்தான் நான் விட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பீம், தூண் எல்லாம் காட்டும் ஸ்ட்ரக்சரல் வரைபடத்தை எப்போதும் பக்கத்தில் திறந்து வைக்கிறேன்.

ட்ரையல் காலத்தில் விற்கிறவர் தரும் மாதிரி வரைபடத்தில் பழகாதீர்கள். நீங்கள் முடித்த வேலை ஒன்று, ஃபைனல் பில் வரை கையில் இருப்பது, அதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு அது பார்வதிபுரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், பில் 640 சதுர மீட்டர். எக்ஸல் முறையில் 652 வந்தது. ஃபிட்டிங்கைத் தானே சேர்க்கும் தனி மென்பொருளில் முதல் தடவை 590. இறக்கங்களைச் சேர்த்ததும் 636. புதிதாக எது வந்தாலும் முதலில் அந்த மண்டபத்தைத்தான் அளக்கிறேன்.