வெட்டுவதா, சுருக்குவதா?

வேலூர்க் கோட்டையைப் போனில் 5 நிமிடம் வீடியோ எடுத்தாயிற்று. போட்டிக்கோ 3 நிமிடம், 100 எம்பிதான் அனுமதி என்று வையுங்கள். முதலில் வெட்டுங்கள். மறு என்கோடிங் இல்லாமல், அதாவது வீடியோவைப் புதிதாக உருவாக்காமல் அப்படியே வெட்டினால் தரம் துளியும் குறையாது, சட்டென முடியும். ஆனால் கீஃப்ரேமில்தான், அதாவது இடையிடையே முழுப் படமாகப் பதிவாகும் சட்டத்தில்தான், வெட்டு விழும். கொஞ்சம் முன்பின் ஆகலாம்.

சுருக்குவது வேறு கதை. வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் நேரம் பிடிக்கும், போன தரம் திரும்பாது. ஒரு பைட்டுக்கு 8 பிட், அதனால் 100 எம்பி என்றால் 800 மெகாபிட். 180 நொடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 4.4 மெகாபிட், ஒலியும் சேர்த்து. அசையாத மதிலுக்கு அது தாராளம். அகழித் தண்ணீர் அலையும்போதும், ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரச் சிற்பங்கள்மேல் கேமரா நகரும்போதும்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். அப்போது படத்தின் அளவை 1080-இலிருந்து 720 ஆக்குங்கள். பிக்சல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எச்.265 என்ற புதிய சுருக்க முறை கோப்பை இன்னும் சிறிதாக்கும். சரி, நடுவரின் பழைய கணினியில் ஓடாவிட்டால்? அதற்கு முந்தைய எச்.264 போதும்.